பூட்டிய கதவும் பொதுமன்றமும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில், தெல்தெனியாவைக் கடந்து மலையேறுவார்க்கு ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் எதிர்ப்படும். இங்கிருந்து பிரியும் கிளைவழி நக்கிள்ஸ் மலைத்தொடரினுள்ளே மீமுரே வரை செல்கின்றது. இம்மலைப்புறத்தே நான் அறிந்த தேவாலயம் ஒன்றுண்டு. அதன் பெயர் இங்கு வேண்டா. ஞாயிறுதோறும் அதன் மணி ஒலிக்கும். ஒரு மணி நேரம் பாட்டும் செபமும் நிகழும். பின்னர்க் கதவு பூட்டப்படும். அடுத்த ஞாயிறு வரை அதன் வாயிற்படியில் ஆடுகளே இளைப்பாறும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது அந்தப் பூட்டு ஆறு நாள் திறந்து கிடந்தது. மண்சரிவுக்கு அஞ்சி லயன்களை விட்டு வந்தோர், முருகனை வணங்குவோரும் மாதாவை வணங்குவோருமாக, அதன் தரையில் ஒருங்கே படுத்துறங்கினர். அயலிலுள்ள சிங்களக் குடும்பங்கள் அரிசியும் பலாக்காயும் கொண்டுவந்தன. என் மாணவி ஒருத்தி மெழுகுதிரி வெளிச்சத்திலே கணக்குச் செய்துகொண்டிருந்ததை என் கண்ணாற் கண்டேன். மழை ஓய்ந்தது, மக்கள் தத்தம் லயன்களுக்கு மீண்டனர், கதவும் பழையபடி பூட்டப்பட்டது. "சேர், கோயிலைப் பூட்டிவிட்டார்கள். இனி எங்கே இருந்து படிப்பது?" என்று அவள் கேட்டாள். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

நான் சைவன். அயலார் இல்லத்துக் கணக்கை நான் பார்ப்பது முறையோ என வாசகர் வினவலாம். என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவ்வில்லம் அயலன்று. ஆதலின் எனக்கும் அயலன்று.

திருச்சபை என நாம் வழங்குவதன் மூலச்சொல் கிரேக்க மொழியிலுள்ள 'எக்ளீசியா' என்பதாம். ஏதென்ஸ் நகரத்தில் அது குடிமக்கள் கூடி ஊர்க்கருமம் ஆராயும் மன்றத்தின் பெயர். வழிபாட்டு முறையைக் குறிக்கும் 'லெயிட்டூர்கியா' என்பதும் ஆதியில் செல்வர் தம் பொருளைச் செலவிட்டு ஊர்க்குச் செய்யும் பொதுப்பணியையே சுட்டிற்று. மன்றமும் பொதுப்பணியுமாக இருந்த சொற்கள் நாளடைவில் கட்டடமும் சடங்குமாகச் சுருங்கின. சொல் சுருங்கியது போலவே செயலும் சுருங்கியதோ என்பதே ஆராயத்தக்கது.

மலையகத்தின் வரலாறு இருவகைச் சான்றும் தருகின்றது. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த 1854ஆம் ஆண்டில் தமிழ்க் கூலி மிஷன் இப்பகுதியில் தொடங்கிற்று. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோறும் நடந்து போதித்தனர், எழுத்தறியாதார்க்கு எழுத்தறிவித்தனர். அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும் தோட்டத்துரைமாரின் பொருளுதவியும் அப்பணிக்கு வேண்டியிருந்தது. கூலியையும் குடியிருப்பையும் பற்றித் துரையிடம் உரத்துப் பேசுதல், துரையின் பணத்தால் நடக்கும் சபைக்கு எளிதாகுமோ?

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டமக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பகுத்தது. பங்கிடப்பட்டோரின் கருத்தை எவரும் கேட்டிலர்.

இக்காலத்திலேதான் கண்டியில் வேறொரு குரல் எழுந்தது. 1959 முதல் கண்டி ஆயராக விளங்கிய லியோ நாணயக்கார அவர்கள், 1972இல் கண்டியை விட்டுப் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தை ஏற்றார். வளமிக்க பழைய பீடத்தினும் வறிய புதிய பீடத்தை அவர் பெரிதாக மதித்தார். அதே 1972இல் இயேசு சபைத் துறவியாகிய போல் கஸ்பர்ஸ் அவர்கள் கண்டியிற் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கு ஒருங்கு வாழ்ந்து தோட்டமக்களின் நிலையை ஆராய்ந்தனர்; அவர்களுக்காக எழுதினர், வாதாடினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியதையும் கண்டு, 2017இல் கஸ்பர்ஸ் அடிகள் மறைந்தார்.

அம்மரபு முற்றும் அற்றுப்போகவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்துமாண்ட பாதையிலே பலரும் நடந்தனர். அதனை ஒழுங்கு செய்தோருள் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. அப்பதினாறு நாளும் சபை வீதியிலே நின்றது.

"கோவில் ஆன்மாவுக்கு உரியது, அதனைச் சமூக சேவைக் கந்தோராக்கினால் செபம் வற்றிப்போகும்" என்பார் உளர். இவ்வச்சம் இகழத்தக்கதன்று. வழிபாடு ஒழிந்த தொண்டு, வேர் அறுந்த மரம் போல வாடுவதுண்டு. ஆயின் அவர் போற்றும் ஞாயிற்றுக்கிழமையின் வரலாற்றையே சற்று நோக்குக. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்பது தாழ்த்தப்பட்டோர் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்திலே கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வேலையினின்றும் விலக்குப் பெற்றனர். அம்மக்களுக்கு ஞாயிறு என்பது செபநாள் மட்டுமன்று, முதுகு நிமிர்ந்த நாளுமாம். வழிபாடும் விடுதலையும் அன்று ஒரே கதவின் வழியே வந்தன.

எம்மவரும் இப்பாடத்திற்கு விலக்கல்லர். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோவிலைச் சார்ந்து கல்விச்சாலையும் பதினைந்து படுக்கையுள்ள ஆதுலர் சாலையும் நடந்தமையைக் கூறுகின்றது. இன்று எம் கோவில்களிலே தேர் உயர்ந்திருக்கின்றது. ஆதுலர் சாலையைக் காணோம். ஆகவே பிறரைச் சுட்டும் விரல் என்னையும் சுட்டுகின்றது.

நான் வேண்டுவது பெரிதன்று. மாலைதோறும் அக்கதவு திறக்கட்டும்; ஒரு விளக்கும் நாலு வாங்கும் இருக்கட்டும். ஒரு மூலையிற் பிள்ளைகள் படிக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதார்க்கும் காணிக் கடிதம் எழுதத் தெரியாதார்க்கும் படித்தவர் ஒருவர் எழுதிக்கொடுக்கட்டும். சிங்களம் அறிந்த தமிழரும் தமிழ் பயில விரும்பும் சிங்களரும் வாரம் ஒரு முறையேனும் அங்குக் கூடட்டும்.

சென்ற கிழமை அவ்வாலயத்து மூப்பரைக் கண்டு இதனையே கேட்டேன். "சபைக் கூட்டத்திலே பேசிப் பார்ப்போம், பண்டிதர் ஐயா" என்றார். அவர் மறுக்கவில்லை, திறவுகோலைத் தரவுமில்லை. அம்மாணவியோ சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாள். எண்மர் உறங்கும் ஒற்றை அறையில், அடுப்பருகே அமர்ந்து படிக்கின்றாள். கூட்டம் எந்நாள் கூடுமென்று அவள் என்னிடம் நாடோறும் கேட்கின்றாள்.