வினாடிக்கு எத்தனை படம் வேண்டும்?

உணவில் போதும் என்பதை வயிறு சொல்லும். உறக்கத்தில் போதும் என்பதை உடல் சொல்லும். பொருளிலும் புகழிலும் போதும் என்று சொல்லுவாரைக் காண்டல் அரிது. நம் மாணவருள் வீடியோ விளையாட்டில் ஈடுபாடுடையார் பலர். அன்னார் இருவர் ஒருங்கு கூடின், ஒரு விளையாட்டின் கதை யாது, அழகு யாது என்று வினவுதற்கு முன்னரே, "உன் கருவியில் அஃது எத்தனை பிரேமில் ஓடுகின்றது?" என்னும் வினா எழுகின்றது. அறுபது என்பான் தலை நிமிர்கின்றான். முப்பது என்பான் நாணிக் குனிகின்றான். இந்நாணம் தக்கதுதானோ என்பதை ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

திரையில் நாம் காணும் அசைவு உண்மையில் அசைவன்று. அசையாப் படங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றுதலால் விளையும் மயக்கமே அது. ஒரு வினாடியில் கணிப்பொறி வரைந்து காட்டும் படங்களின் தொகையைப் பிரேம் வீதம் என்பர். வீதம் 30 ஆயின் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 33 மில்லிவினாடி நிற்கும். 60 ஆயின் 17. 120 ஆயின் 8. 240 ஆயின் 4. இக்கணக்கை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். 30-லிருந்து 60-க்கு ஏறுங்கால் ஒரு படத்திற்கு 17 மில்லிவினாடி மிச்சமாகின்றது. 120-லிருந்து 240-க்கு ஏறுங்காலோ மிச்சமாவது 4 மில்லிவினாடியே. எண் இரட்டிக்குந்தோறும் செலவு ஏறுகின்றது. பயனோ பாதியாய்க் குறைகின்றது.

இனி, பேசும் படம் தோன்றிய 1920-களின் இறுதி தொட்டு, வினாடிக்கு 24 படம் என்பதே திரைப்பட உலகின் வழக்கு. சினிமாவிற்கு 24 போதுமாயின் விளையாட்டிற்கு 30 போதாதோ என வினவுவாருளர். இவ்வொப்புமை பொருந்தாது. காமிரா ஒவ்வொரு படத்திற்கும் சிறிது நேரம் ஒளியை ஏற்றுப் பதிவு செய்தலின், ஓடுவோன் கைகால்கள் அப்படத்தில் சற்றே மங்கி இழுபட்டுத் தோன்றும். அம்மங்கலே ஒரு படத்தை அடுத்த படத்தோடு இணைக்கும் பாலமாகும். கணிப்பொறி வரையும் படமோ, ஆக்கியோர் செயற்கையாக மங்கல் சேர்த்தாலன்றிக் கூர்மையாகவே நிற்கும். அன்றியும், சினிமாவில் நாம் காண்போர். விளையாட்டில் நாம் செய்வோர். விரல் பொத்தானை அழுத்தியதன் பயனைக் கண் காணுமளவும் மனம் காத்திருக்கின்றது. அக்காத்திருப்பு நீளின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு தளர்ந்துபோம்.

இதனால், எண் மிகுந்த அளவே இன்பமும் மிகும் என்று முடிவு கட்டுதலும் பிழையாம். பீட்டர் ஜாக்ஸன் 2012-இல் 'தி ஹாபிட்' என்னும் படத்தை 48 பட வீதத்தில் வெளியிட்டபோது, அதன் தெளிவே கண்ணை உறுத்துகின்றது எனக் குறை கூறினோர் பலர். கண்ணின் தீர்ப்பில் பழக்கத்திற்கும் ஒரு பங்குண்டு.

விளையாட்டுகளின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1985-இல் தோன்றிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 60 பிரேமில் ஓடிற்று. 1993-இல் வந்த 'டூம்' 35-ஐ மேலெல்லையாகக் கொண்டது. 1998-இல் நின்டெண்டோ 64 என்னும் கருவிக்கு வெளிவந்த 'ஒகரினா ஆப் டைம்' 20 பிரேமிலேயே ஓடிற்று; ஆயினும், அதனை உலகின் தலைசிறந்த விளையாட்டுகளுள் ஒன்றெனப் போற்றுவோர் இன்றும் பலர். அகல நீள உயரமுடைய பரந்ததோர் உலகைப் படைத்துக் காட்டுதற்கு, அதன் ஆக்கியோர் விரைவைச் சிறிது விட்டுக்கொடுத்தனர். ஆடினோரும் அப்பேரத்தை மனமுவந்து ஏற்றனர்.

ஆதலின், எவ்வளவு போதும் என்பது விளையாட்டின் வகையைப் பொறுத்ததாகும். முறை வைத்துக் காய் நகர்த்தும் சதுரங்கத்திற்கும், 'சிவிலைசேஷன்' போன்ற சூழ்ச்சி விளையாட்டிற்கும் 30 தாராளமாகப் போதும். இருவர் எதிர்நின்று பொரும் 'ஸ்ட்ரீட் பைட்டர்' போன்றவற்றில், ஒரு குத்து எழ எத்தனை பிரேம், மீள எத்தனை பிரேம் என்று ஆடுவோர் மனப்பாடம் செய்கின்றனர்; அக்கணக்கு முழுவதும் 60-ஐ அடிப்படையாகக் கொண்டது; அங்கு 60-இல் ஒன்று குறையினும் குற்றமே. 'கவுண்டர் ஸ்டிரைக்' முதலிய துப்பாக்கிப் போட்டிகளில் பரிசு கருதி ஆடுவோர் 144, 240 என மேற்செல்லுதலும் காரணமுடையதே. தலையில் அணிந்து ஆடும் கருவிகளோ தனி வகையின. 2016-இல் விற்பனைக்கு வந்த ஆக்யுலஸ் ரிப்ட், எச்.டி.சி. வைவ் இரண்டும் 90-ஐ அளவாகக் கொண்டன. தலை திரும்பியும் காட்சி திரும்பத் தாமதிப்பின் குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாகுமாகலின்.

நிற்க. இவ்விவாதத்தில் பலரும் மறந்துவிடுவதொன்று உண்டு. அதுவே எம் கருத்தில் தலையாயது. வீதத்தின் உயர்வினும் அதன் நிலைபேறே பெரிது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 30 பிரேம் ஓடின், ஒவ்வொரு படமும் ஒழுங்காக இரண்டு முறை நிற்கும். 45 ஓடினோ, சில படம் ஒரு முறையும் சில படம் இரு முறையுமாக நிற்கும். எண் கூடியும் நடை தடுமாறும். தாளம் தப்பிய பாட்டைப் போலக் காட்சி துள்ளும். சராசரிக் கணக்கு இக்குறையை மறைத்துவிடும். இதற்குப் பரிகாரமாக, கணிப்பொறியின் நடைக்கேற்பத் தானும் நடை மாற்றிக்கொள்ளும் திரைகள் 2013 முதல் வரலாயின. 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு படத்தையும் மும்முறை நிறுத்தி 40 பிரேம் காட்டும் முறையை 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிப்ட் அபார்ட்' 2021-இல் கைக்கொண்டது. எண்ணளவில் 30-க்கு அணித்தாயினும், 25 மில்லிவினாடி என்னும் கால அளவில் 40 என்பது 30-க்கும் 60-க்கும் நட்டநடுவில் நிற்பது வியப்பன்றோ!

ஆக்குவோர் செய்யும் பிழையும் உண்டு. தங்கள் இயலாமைக்குக் கலை என்று பெயர் சூட்டுதல் அவற்றுளொன்று. 2014-இல் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' வெளிவருமுன், 30 பிரேம் சினிமாவைப் போன்ற உணர்வு தருகின்றது என அதன் ஆக்குநர் சாற்றினர். விளையாட்டு வெளிவந்தபோது அந்த முப்பதிலும் அது நிலைத்து நிற்கவில்லை. நிறுவனத்தார் மன்னிப்புக் கோர நேர்ந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' பழைய கருவிகளில் ஓடிய சீர்கேட்டால், சோனி நிறுவனத்தார் அதனைத் தம் கடையினின்றும் சில மாதம் நீக்கி வைத்தனர். மேலும், 2022 முதல் இரு மெய்ப்படங்களுக்கு இடையே ஒரு கற்பனைப் படத்தைப் புகுத்தி எண்ணைப் பெருக்கும் உத்தி பரவி வருகின்றது. அது கண்ணுக்கு இதமளிக்கும் என்பது மெய்யே. ஆயினும் விரலின் காத்திருப்பை அது குறைப்பதில்லை. எண்ணைக் காட்டி விற்போர் இதனையும் உடன் உரைத்தல் கடன்.

ஆடுவோர் பிழை பிறிதொன்று. எண்ணைத் தகுதியின் அடையாளமாக்கி, குறைந்த விலைக் கருவியுடைய தோழனை எள்ளுதலே அது. தந்தையாரின் ஒரு திங்கள் ஊதியத்தை விழுங்கும் கிராபிக்ஸ் கார்டை, கண் வேண்டியதனால் அன்றித் தோழர் ஏளனத்திற்கு அஞ்சியே கேட்டு வாங்கும் மாணவன், விளையாட்டினால் இன்பம் பெற்றவனல்லன். நாணத்திற்கு வரி செலுத்தியவனே. அவ்வாறே, 30-இல் தலை நோகின்றது என்பானைப் பகட்டுக்காரன் என்று இகழ்தலும் தகாது. கண்கள் ஒருதன்மையனவல்ல.

ஆகவே எம் துணிபு இது: நிலை தவறாத 30 கீழெல்லையாகுக, கைவிரைவே வெற்றியைத் தீர்மானிக்கும் இடத்து 60 இன்றியமையாதது, அதற்கு மேற்பட்டவை விரும்புவார் விருப்பம். அழகு வேண்டுமோ விரைவு வேண்டுமோ என்னும் தேர்வை ஆக்குவோர் ஆடுவோர் கையிலேயே விடுதல் முறை. மாணவ நண்பர்களே! அடுத்த முறை விளையாட அமருங்கால், திரையின் மூலையில் ஓடும் அவ்வெண்ணை ஒரு நாழிகை மறைத்து வைத்துப் பாருங்கள். கண் குறை கூறின் ஆவன செய்யுங்கள். கூறாதாயின் உங்கட்குப் போதுமானது கிட்டிவிட்டது. பிறர் எண்ணைக் கேட்டு அதனை இழந்துவிடாதீர்கள்.