சளி இருந்தால் கத்தி வைக்கக் கூடாதா?

“சளி காய்ச்சலோட ஆபரேஷன் பண்ணா உடம்பு தாங்காது. முதல்ல காய்ச்சல் இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.” அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலிலும் சரி, தனியார் மருத்துவமனையின் ஏசி வரவேற்பறையிலும் சரி, இந்தப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. சொல்பவர் நோயாளியின் பெரியப்பாவாக இருக்கலாம், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியாக இருக்கலாம். சில சமயம் வெள்ளைக் கோட்டுப் போட்டவரே சொல்லிவிடுவதுதான் வேதனை. கொரோனாவுக்குப் பிறகு இந்த நம்பிக்கைக்கு ஒரு புள்ளிவிவரமும் துணைக்கு வந்துவிட்டது: “தொற்றோடு கத்தி வைத்தால் நாலு பேரில் ஒருவர் பிழைப்பதில்லை.”

இதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வைரஸ் புகுந்த மூச்சுக்குழாய் தொட்டாற்சிணுங்கியாகிவிடுகிறது. மூச்சுக்குழாய் சுருங்குவதை அளவோடு வைத்திருக்கும் நரம்பு முனை ஏற்பிகளை வைரஸ் கெடுத்துவிடுவதால், மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் செருகும்போது மூச்சுப்பாதை சட்டென்று இறுகிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 9297 குழந்தைகளை ஆராய்ந்த ஒரு குழு, 2010இல் ‘லான்செட்’ இதழில் தன் முடிவை வெளியிட்டது. சளி இருக்கும்போதோ, அது விட்டு இரண்டு வாரத்துக்குள்ளோ மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுச் சிக்கல்கள் கூடுகின்றன என்பது அதில் தெளிவானது. ஆகவே டான்சிலை எடுக்க வந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், “இரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள்” என்று மருத்துவர் சொல்வது நியாயம்.

டான்சில் இரண்டு வாரம் காத்திருக்கும். சிக்கிக்கொண்ட குடல் காத்திருக்காது.

குடலிறக்கம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். நேற்றுவரை படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் இன்று கல்லாக நிற்கிறது. தொட்டால் அலறுகிறார், வாந்தி நிற்கவில்லை. உள்ளே குடலின் ஒரு வளையம் இறுகி, முதலில் ரத்தம் வெளியேற வழியின்றி வீங்குகிறது. பிறகு உள்ளே வரும் ரத்தமும் நின்றுபோகிறது. அறுவைச் சிகிச்சை நிபுணர் இறுக்கத்தை விடுவித்ததும், அந்த வளையத்தை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிவைத்துச் சில நிமிடங்கள் பார்ப்பார். கருநீலம் மாறி இளஞ்சிவப்பு திரும்பினால், குடல் நெளிய ஆரம்பித்தால், அதை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். கறுத்தே கிடந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாக வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் மலக்கிருமிகள் வயிறெங்கும் பரவியிருக்கும். இந்த மூன்று முடிவுகளுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரம். மூக்கொழுகல் நிற்பதற்கு ஒரு வாரம் ஆகும். விரை முறுக்கிக்கொண்ட சிறுவனுக்கும், கருக்குழாயில் வளர்ந்த கரு வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டும் பெண்ணுக்கும், மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டிய விபத்து நோயாளிக்கும் இதே கணக்குத்தான்.

அப்படியென்றால் அந்த ‘நாலில் ஒருவர்’? அது கட்டுக்கதை இல்லை. கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு மருத்துவர் கூட்டமைப்பு, 2020 ஜனவரி முதல் மார்ச் வரை 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1128 கொரோனா நோயாளிகளின் விவரங்களைத் திரட்டியது. 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். பாதிப் பேருக்கு மேல் நுரையீரல் சிக்கல் வந்தது. இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அந்தச் சிக்கலுக்கு ஆளானவர்கள்தாம். 70 வயதைத் தாண்டியவர்கள், ஆண்கள், ஏற்கெனவே உடல் நலிந்தவர்கள், அவசரமாக அறுவை மேடைக்கு வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இதை எவரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் இந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் அதன் பின்புலத்தை மறைத்துவிடுகிறார்கள். 1128 பேரில் 74 சதவீதம் அவசர நோயாளிகள். அறுவைக்கு முன்பே தொற்று உறுதியானவர்கள் சுமார் கால்வாசிப் பேர். மற்றவர்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது. சோதனைக் கருவிகளுக்கே தட்டுப்பாடான அந்த மாதங்களில், அறிகுறி முற்றியவர்களுக்கே சோதனை கிடைத்தது. தடுப்பூசி கிடையாது. டெக்சாமெதசோன் என்ற மருந்து உயிர் காக்கும் என்பதுகூட அந்த ஆண்டு ஜூனில்தான் உறுதியானது. இன்னொன்று, அவசரமாக வயிற்றைத் திறப்பது கொரோனாவுக்கு முன்பும் விளையாட்டுக் காரியம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளின் தேசியத் தணிக்கையில், இப்படிப்பட்ட நோயாளிகளில் 100க்கு ஏறத்தாழ 9 அல்லது 10 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஓட்டை வேறு. அதே குடல் அடைப்போடு, அதே தொற்றோடு, அறுவைச் சிகிச்சை செய்யாமல் விடப்பட்டவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. கத்தி வைத்தால் நாலில் ஒருவர் என்று சொல்பவர், வைக்காமல் விட்டால் எத்தனை பேர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அழுகிய குடலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காய்ச்சல் இறங்கக் காத்திருப்பவரின் கதி என்ன என்பதை அறிய எந்த ஆய்வும் தேவையில்லை.

அடுத்து வந்தது ‘ஏழு வாரம்’. 2021இல் ‘அனஸ்தீசியா’ இதழில் வெளியான ஆய்வு 116 நாடுகளின் 1,40,231 நோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. திட்டமிட்டவை, அவசரமானவை எல்லாம் கலந்த கணக்கு. தொற்றே இல்லாதவர்களில் 30 நாள் இறப்பு 1.5 சதவீதம், தொற்று கண்ட இரண்டு வாரத்துக்குள் அறுவை நடந்தால் 4.1 சதவீதம்; ஏழு வாரம் கடந்தால் மறுபடி 1.5. ஏழு வாரத்துக்குப் பிறகும் அறிகுறி விடாதவர்களுக்கு 6 சதவீதம். இதை வைத்து நிபுணர்கள் சொன்னது, திட்டமிட்ட அறுவைகளை முடிந்தால் ஏழு வாரம் தள்ளிவையுங்கள் என்பதுதான். அந்த அறிவுரை தெருவுக்கு வந்தபோது ‘திட்டமிட்ட’ என்பதும் ‘முடிந்தால்’ என்பதும் உதிர்ந்துவிட்டன. தடுப்பூசியும் ஒமைக்ரானும் வந்த பிறகு அந்த ஏழு வாரமே எல்லோருக்குமான விதியாக நீடிக்கவில்லை. நம்பிக்கை மட்டும் நீடிக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே விடை கிடைத்தது, 2021இல். கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூன் 28ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சர் சொன்ன கணக்கு 40,845 பேர். மூக்கின் பக்க அறைகளில் தொடங்கி, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும் இந்தப் பூஞ்சையை ஆம்போடெரிசின் மருந்து மட்டும் தடுக்காது. செத்த திசுவைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். பலர் கொரோனாவிலிருந்து எழுந்து சில நாள்களே ஆனவர்கள், சிலர் இன்னும் தொற்றோடு இருந்தவர்கள். அவர்களை ஏழு வாரம் காத்திருக்கச் சொல்லியிருந்தால் கண்ணும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார். காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. மும்பை நாயர் மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர்களும் காத்திருக்கவில்லை. தொற்று உள்ள ஆயிரம் தாய்மார்களுக்குச் சுமார் ஓராண்டில் அங்கே பிரசவம் நடந்தது, சிசேரியன் உள்பட.

அரசு வழிகாட்டுதலும் இதைத்தான் சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே 18ஆம் தேதி வெளியிட்ட சோதனை வழிமுறையில், பரிசோதனை செய்யவில்லை என்பதற்காக எந்த அவசரச் சிகிச்சையையும், பிரசவம் உள்பட, தாமதப்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. 2022 ஜனவரியில் மீண்டும் எழுதியது. அப்படியிருந்தும் “நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வாங்க” என்று வாசலிலேயே நிறுத்திய மருத்துவமனைகள், நோயாளியைக் காக்கவா அதைச் செய்தன?

இந்த நம்பிக்கை இன்னொரு கெடுதலும் செய்கிறது. ஆபரேஷனை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயந்து, மூன்று நாளாக இருமும் நோயாளியை “சும்மா தொண்டைக் கரகரப்புதான் டாக்டர்” என்று சொல்லவைக்கிறது. மயக்க மருந்து நிபுணருக்குத் தேவையானது அந்த இருமலின் உண்மைக் கதை. அது தெரிந்தால் அவர் முழு மயக்கத்தைத் தவிர்த்து, முடிந்த இடத்தில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பார். குழாய் செருக அனுபவசாலியை நிறுத்துவார், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கையைச் சொல்லிவைப்பார். தொற்று தெரிந்த நோயாளிக்கு ஆபத்தைக் குறைக்க வழி உண்டு. தொற்றை மறைத்த நோயாளிக்கு அந்த வழியும் அடைபடுகிறது.

அவசரம் என்று வந்த எல்லாருக்கும் கத்திதான் என்பதும் இல்லை. அமெரிக்காவின் 25 மருத்துவமனைகளில் 1552 குடல்வால் அழற்சி நோயாளிகளை வைத்து 2020இல் வந்த ஆய்வில், ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் மூன்று மாதம்வரை அறுவையைத் தவிர்த்தார்கள். காய்ச்சலோடு வந்தவருக்கு இப்படி ஒரு வழி இருந்தால் மருத்துவர் அதை யோசிக்கட்டும். ஆனால் அது குடல்வாலை ஸ்கேனில் பார்த்து, அதற்குள் கல் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து எடுப்பது அல்ல.

எனவே “காய்ச்சல் இறங்கட்டும்” என்று சொல்லும் மருத்துவரிடம் குடும்பத்தார் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: “இறங்கும்வரை காத்திருந்தால் என்ன ஆகும், டாக்டர்?” பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லட்டும். மயக்க மருந்து நிபுணர் நோயாளியை நேரில் பார்த்தாரா, எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பதும் அதில் இருக்கட்டும். வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறவர்கள், அங்கே யாரிடம் பேசி இடத்தை உறுதி செய்தார்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும்.