லோயர் கேம்பும் கண்ணாடித் தகடும்

சென்ற தைத்திங்களில் நம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் சிலர் கம்பம் பள்ளத்தாக்கைக் கண்டுவரச் சென்றோம். கூடலூரைக் கடந்து மலையடிவாரத்தை அணுகுங்கால் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் எதிர்ப்படுகின்றது. மேலே மலையினின்று பெருங்குழாய்கள் இறங்கி வருகின்றன. கீழே மின்சார நிலையம் இரைந்துகொண்டிருக்கின்றது. 2013ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மணிமண்டபத்தில் பென்னிகுயிக் துரையின் சிலை நிற்கின்றது. பொங்கற்காலமாதலின் மாலைகள் இன்னும் வாடவில்லை. மேற்கே கடலில் வீழ்ந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி, வைகை நாட்டார்க்குச் சோறளித்த அப்பெருந்தகைக்கு அவ்வூரார் செய்யும் சிறப்பு முற்றும் தகும். அதனைக் குறைகூற நாம் வரவில்லை.

ஆயினும் அங்கு நின்றபொழுது ஓர் எண்ணம் நம்மை விட்டகலவில்லை. 1887 முதல் 1895 வரை நடைபெற்ற அவ்வணை வேலையில் வெள்ளம் கொண்டவர் சிலர். சுரம் கொண்டவர் பலர். நோயால் மாண்டோர் 483 பேர் என்றும், அவர்களை அணைக்கு வடபால் ஓரிடத்தில் அடக்கம் செய்தனர் என்றும் கூறுவர். சாராயத்தின் வலியினாலேயே அணை முடிவு பெற்றது என்று ஒரு கதையும் வழங்குகின்றது. சாராயம் சுரத்தைத் தீர்க்கவில்லை என்பதற்கு அக்கல்லறைகளே போதிய சான்றல்லவோ? அவர்கள் எதனால் மாண்டார்கள் என்பதை மணிமண்டபத்திற்கு வருவோருள் எத்துணைப்பேர் அறிவர்? இதனை அறிவிப்பதும் நன்றிக்கடனின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து.

மலைக்காட்டின் தீய காற்றே சுரத்திற்குக் காரணம் என்று அந்நாளில் நம்பினார்கள். மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் பொருளும் அதுவே. மருந்து இல்லாமல் இல்லை. நீலகிரியில் நடுவட்டம் முதலிய இடங்களில் சிங்கோனா மரங்களைச் சர்க்கார் முன்னரே வளர்த்து வந்தனர். அதன் பட்டையினின்று எடுக்கும் கொயினா சுரத்தைத் தணிக்கும் என்பதும் தெரிந்ததே. கிருமியும் தெரியாததன்று. 1880ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அல்ஜீரியா நாட்டில் லாவெரான் என்னும் பிரெஞ்சுப் படை வைத்தியர், சுரங்கண்ட போர்வீரன் ஒருவனது இரத்தத்தில் அது அசைந்து திரிவதைப் பூதக்கண்ணாடியிற் கண்டுவிட்டார். தெரியாதது ஒன்றே: அஃது எந்த வாயிலாக உடம்பினுட் புகுகின்றது என்பது. அந்த ஒன்று தெரியாமையால், மக்கள் உறங்கும் குடிசைகளின் அருகே தேங்கிய நீரைக் குற்றமென்று கருதுவாரில்லை.

அவ்வாயிலைக் கண்டவர் சென்னை மாகாணத்து வைத்திய உத்தியோகத்தில் இருந்த ரொனால்டு ராஸ் என்பவர். இடம் சிகந்தராபாத்து, நாள் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20. பெரியாற்று நீர் 1895 அக்டோபரில் கிழக்கே பாயத் தொடங்கி இரண்டாண்டு நிரம்புமுன் அது நிகழ்ந்தது. உசேன்கான் என்னும் சுரநோயாளி, கொசு ஒன்று கடிக்க ஓரணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு, பத்துக் கொசுக்களுக்குத் தம் உடம்பை ஈந்தார். அக்கொசுக்களை ராஸ் ஒவ்வொன்றாக அறுத்து நோக்கினார். விசிறி போட்டால் அறுத்த கொசு பறந்துபோகும் என்று காற்றின்றிப் புழுங்கியிருந்தார். நெற்றி வியர்வை பட்டுப் பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருவேறின. ஈற்றில் கொசுவின் இரைப்பைச் சுவரில் கரும்பொடி தாங்கிய சிறு உருண்டைகளைக் கண்டார். 1902ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரைச் சேர்ந்தது. உசேன்கானுக்குக் கிடைத்தது பத்தணாவே.

‘தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர்க்குக் கிருமி நூலால் ஆவதென்ன?’ என்று நண்பர் ஒருவர் நகைத்தார். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயின்னதென்று தேர்ந்து அதன் முதலையும் ஆராய்க என்கின்றார். நாம் அதனைப் பரிமேலழகர் உரையோடு ஒப்பித்து மதிப்பெண் பெறுகின்றோம். அம்முதலைக் கண்ணாற் காணும் வழி நம் கலாசாலையிலேயே, வகுப்பறைக்கு நூறடி தொலைவில் இருக்கவும், மூன்றாண்டில் ஒருமுறையேனும் அதன் வாயிலை மிதியாதிருப்பது அழகன்று. ஊர் திரும்பியதும் கிருமி நூல் பயிலும் தோழரொருவரை வேண்டி, ஒரு பிற்பகல் அங்கே சென்றிருந்தோம்.

அங்கு முதலிற் கற்றது, இந்நூல் தோன்றியது பெருங்கொள்கைகளால் மட்டுமன்று, சமையலறைக்கு அடுத்த சில கைத்தொழில்களாலும் என்பதே. ஆலந்து நாட்டுத் துணி வணிகராகிய லேவன்ஹுக் தாமே தேய்த்த கண்ணாடியால் 1670ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணுயிர்களைக் கண்டார். கண்டும் இருநூறாண்டு பெரும்பயன் விளையவில்லை. ஏனெனின், பல கிருமிகள் கலந்துகிடக்கும் ஒரு துளியில் எக்கிருமி எந்நோய்க்கு உரியது என்று பிரித்தறிய வழியில்லை. செருமானிய வைத்தியர் கோக் என்பார் அவற்றைத் தனித்தனியே வளர்க்க முனைந்தார். திரவத்தில் எல்லாம் கலந்துவிடும். ஆதலின் கெட்டியான உணவு வேண்டும். உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார். பின்னர் ஜெலட்டினில் வளர்த்தார். ஜெலட்டினோ உடம்பின் சூட்டிற்கே உருகிவிடும். சில கிருமிகள் அதனைத் தின்றுந் தீர்த்தன. அவரிடம் பணிபுரிந்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பேன்னி அம்மையார், ஜாவாவில் வாழ்ந்து வந்தோரிடம் கற்று, பழப்பாகு உறைவதற்குக் கடற்பாசி சேர்ப்பது வழக்கம். அதனை இட்டுப் பாருங்கள் என்றார். அகர் என்னும் அப்பாசிச் சத்து, கொதிநிலையை அணுகினால்தான் உருகும். உறைந்தபின் உடம்பின் சூட்டிற்கு இளகாது. அன்று தொட்டு இன்றுவரை உலகெங்கும் கிருமிகள் வளர்வது அவ்வம்மையாரின் சமையற் பக்குவத்தின்மேல் என்னலாம். இராமேசுவரம் முதலிய மன்னார் வளைகுடாக் கரையில் நம் மகளிர் மூழ்கி எடுக்கும் பாசியினின்றும் இந்த அகரே காய்ச்சப்படுகின்றது. நோன்புக் காலத்தில் முசுலிம் நண்பர் வீட்டில் நாம் உண்ணும் கடற்பாசி இனிப்பும் இதன் உறவே.

அதனை ஊற்றும் மூடித்தட்டைப் பெட்ரி என்பவர் வெளியிட்டது 1887இல். அணை வேலை தொடங்கியதும் அவ்வாண்டே. தோழர் அத்தட்டு ஒன்றைத் திறவாமல் முதலிற் காட்டினார். பின்னர், நுனியில் வளையமிட்ட ஒரு மெல்லிய கம்பியைச் சுவாலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கிருமியைத் தொட்டு, தட்டின் மூடியைச் சற்றே உயர்த்தி உள்ளே கோடுகள் இழுத்தார். மறுபடியும் காய்ச்சி, முதற்கோட்டின் கடையினின்று வேறு கோடு, மறுபடியும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் கிருமிகள் அருகி, ஈற்றுக்கோட்டில் ஒவ்வொன்று தனித்து நின்று, மறுநாட்குள் தன் இனமாகப் பெருகி ஒரு பொட்டாகக் கண்ணுக்குப் புலப்படுகின்றது. ஒரு பொட்டு ஒரு குலம். மூடியை ஒருகணம் மிகுதியாகத் திறந்தாலும் காற்றிலுள்ள வேற்றுக் குலம் புகுந்து வேலையைக் கெடுக்கும். ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதுவோர்க்கு வேண்டிய அதே பொறுமையை அங்கே கண்டு வியந்தோம்.

மலேரியாக் கிருமி இத்தட்டில் வளராது. இரத்தத்தில் வாழ்வது அது. அதற்குத் தகடே வேண்டும். விரலைக் குத்தி ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, மற்றொரு தகட்டின் விளிம்பால் மெல்லென இழுத்துப் பரப்பி, உலர்த்தி, சாராய வகையொன்றால் நிலைப்படுத்திச் சாயம் ஏற்றுகின்றனர். இச்சாயத்தின் மூலவகையை 1891இல் ரொமனோவ்ஸ்கி என்பார் வெளியிட்டார். தோழர் வைத்திருந்த பழைய தகடொன்றில், ஆயிரமடங்கு பெருக்கும் கண்ணாடியின் வழியே, சிவப்பணுவினுள் ஒரு நீலமோதிரமும் அதில் செங்கல் பதித்தாற்போன்ற ஒரு பொட்டும் கண்டோம். லோயர் கேம்பிலிருந்து சிந்தையில் சுமந்துவந்த 483 பேருள் பலரைக் கொன்றது இவ்வளவு அழகியதோர் அணியா என்று சற்றே பேச்சற்று நின்றோம்.

பென்னிகுயிக் துரையைக் குறைகூறோம். 1897க்கு முன் அவர் அறிந்திருக்க முடியாது. அதன் பின்னும் அறியாதார்போல் நடந்ததற்கே விடை வேண்டும். 1934இல் மேட்டூர் அணை எழுந்து, புதுக் கால்வாய்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் நீர் கொண்டுசென்றபொழுது, நீரோடு மலேரியாவும் அங்கே புகுந்தது. அமெரிக்க வைத்தியர் ரஸ்ஸல் அங்குத் தங்கி ஆராய்ந்து, கேடு நீரிலன்று, ஒழுங்கற்ற பாசனத்திலே என்று எழுதினார். அணை கட்டுவோர்க்குக் கொசு தெரிந்து நாற்பதாண்டு ஆகியிருந்த காலம் அது. எஞ்சினீயரின் வரைபடமும் கிருமி நூலாரின் தகடும் ஒரே மேசையில் வைக்கப்படவில்லை.

ஆதலின் நாம் கேட்பது பெரிதன்று. லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் ஒரு மூலையில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடி, சாயமேற்றிய ஒரு தகடு. அருகில் எளிய தமிழில் அதன் வரலாறு. பழைய ஏடுகளில் தேடி மாண்டோர் பெயர் கிடைக்குமாயின் அப்பெயர்கள். பொங்கலிட வரும் சிறுவன் ஒருவன் அக்கண்ணாடியில் ஒருமுறை கண்வைத்தால் போதும். பெயர்களைத் தேடும் வேலைக்குத் தமிழ் மாணாக்கரே ஏற்றவர். நம் வகுப்பினர் அதற்கு உடன்பட்டுள்ளனர்.

பிரயாணத்திற்குப் பத்துநாள் கழித்து நம்முடன் வந்த நண்பரொருவர்க்குக் குளிர்சுரம் கண்டது. கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் போர்த்துப் படுத்திருந்தார். சர்க்கார் மருத்துவ நிலையத்திற் சென்று இரத்தம் பாரும் என்று வற்புறுத்தினோம். மலைக்குப் போய் வந்தவர் எல்லாரையும் நோயாளியாக்குகிறீர்களே என்று சினந்தார். இருவர் இருபுறமும் பிடித்தே அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. விரலை நீட்டும்போது முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். தகடு உலரச் சிறிது நேரம் ஆயிற்று. அதுகாறும் அவர் நம்மோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிருமி இல்லை என்று எழுதிய சீட்டைப் பெற்றபின், ‘வீண்வேலை’ என்றார். சீட்டை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.