தறித்த வேம்புக்குக் கன்று ஈடாகாது

ஜூன் 5 சுற்றாடல் தினம். பாடசாலைகளும் அலுவலகங்களும் மரக்கன்று நடும் நாள். கிழக்குக் கரையிலோ அது கச்சான் வீசும் காலம். மாரி மழைக்கு இன்னும் நான்கு மாதம் கிடக்கிறது. திருகோணமலை உப்புவெளி மணலில் அன்று நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையென்றால், ஆடி பிறக்குமுன்னே சுள்ளியாகிவிடும். நிலத்தடி நீரை வேர் தொட்டுவிட்ட முதிர்ந்த வேம்போ அதே வெயிலில் பச்சையாக நிற்கும்.

மரம் முதிர்ந்தால் வளர்ச்சி ஓய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 403 மர இனங்களை ஆராய்ந்து 2014 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. பெரும்பாலான இனங்களில், மரம் பருக்கப் பருக்க அது ஆண்டுதோறும் சேர்க்கும் காபனும் கூடிக்கொண்டே போகிறது. நிழலும் அப்படித்தான். உப்புவெளிக்கு உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களே இங்கு வெப்பம் 35 பாகையை எட்டும் மாதங்கள். வாகனத் தரிப்பிடத்துக்காக வாசல் மரத்தைத் தறிக்கும் விடுதி, பிறகு குளிரூட்டிக்கு மின்கட்டணம் கட்டுகிறது.

மரம் விழும் என்ற பயத்திலும் நியாயம் உண்டு. 2023 ஒக்டோபர் 6 அன்று கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து ஐவர் இறந்தார்கள். திருகோணமலை 1964 சூறாவளியைக் கண்ட ஊர். 2020 இல் புரெவிச் சூறாவளியும் இந்த மாவட்டத்தில்தான் கரையேறியது. ஆனால் பல மரங்களை நாமே விழுவதற்குத் தயார் செய்கிறோம். வடிகானுக்குத் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுக்கிறோம். அடிமரம் வரை கொங்கிறீட் போடுகிறோம். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி, பாரத்தை மறுபக்கம் சாய்க்கிறோம். வெட்டுவாயில் மழைநீர் இறங்கி உள்ளே கோறை விழுகிறது. வாடைக்காற்றில் அது சாய்ந்ததும் பழி முழுவதும் மரத்துக்கு.

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். பசியாற்றும் மரங்களுக்குக் கிடைத்த அந்தக் காப்பு நிழல் மரங்களுக்கும் வேண்டும். சிங்கப்பூர் 2001 முதல் மரபு மரங்களைப் பதிவு செய்து காத்துவருகிறது. திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச சபையும் வீதியோரப் பெருமரங்களுக்கு இலக்கமிட்டுப் பதிவேடு தொடங்கலாம். ஆவணி, புரட்டாதியில், மாரிக்கு முன்னரே, விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு அவற்றைச் சோதிக்கலாம். கோறையானதை அகற்றட்டும், மற்றவற்றின் கிளைகளை இருபுறமும் அளவாகக் கழிக்கட்டும். தறிக்கக் கேட்பவரின் காரணம் எழுத்தில் வாங்கப்பட்டு, ஊரார் பார்க்க ஒட்டப்பட வேண்டும். கன்று நடுகையை ஐப்பசிக்கு மாற்றினால் செலவும் மிச்சம், கன்றும் மிச்சம்.