அணுகுண்டுக்குத் தப்பியவை



ஒட்டகம் அழிந்துகொண்டிருக்கிறது என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். ராஜஸ்தானில் வண்டி இழுக்கிறது. லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கில் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் மேல் சுற்றுலாப் பயணிகள் சவாரி போகிறார்கள். ஆஸ்திரேலியாவிலோ, பெருகிவிட்டது என்று சுட்டுக் குறைக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றியல்ல. தெற்கு மங்கோலியாவிலும் வடமேற்குச் சீனாவிலும், கோபி, லோப் நூர், தக்லமாக்கான் பாலைகளில், மனிதர் கைக்கு வசப்படாமல் திரியும் காட்டு ஒட்டகத்தைப் பற்றி. உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 1,000 மட்டுமே மிச்சம். 2002 முதல் இது மிக அருகிய உயிரினப் பட்டியலில் இருக்கிறது.

பார்வைக்கு நூப்ரா ஒட்டகத்தின் மெலிந்த தம்பி மாதிரி இருக்கும்: ஒல்லிக் கால்கள், சின்னதாகக் கூம்பிய திமில்கள். வீட்டு ஒட்டகம் ஓடிப்போய்க் காட்டில் பெருகிய கூட்டம் என்றே பலர் நெடுங்காலம் எண்ணினார்கள். மரபணு ஆய்வு அதை மறுத்துவிட்டது. இரண்டின் முன்னோரும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். மனிதன் ஒட்டகத்தைப் பழக்கியதோ சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆக, இது போனால் ஈடு செய்ய வேறு ஒட்டகம் கிடையாது.

இதன் தாங்குதிறனை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. குளிரில் மைனஸ் 40 டிகிரி, கோடையில் 40-ஐத் தாண்டும் வெயில். கடல்நீரைவிட உப்பான ஊற்றுநீரைக் குடித்தும் உயிர் வாழ்கிறது. 1964 அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்த இடம் லோப் நூர். 1996 வரை அங்கே 40-க்கும் மேற்பட்ட அணுச் சோதனைகள் நடந்தன. அந்த மண்ணிலும் ஒட்டகங்கள் பிழைத்துக் கிடந்தன. ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்ததால் வெளியார் நுழைய முடியாத இடம் அது. சோதனை நின்றதும் காவல் தளர்ந்தது. தங்கம் தேடுவோரும் வேட்டைக்காரர்களும் உள்ளே வந்தார்கள். குண்டைத் தாங்கிய உயிருக்கு மனித நடமாட்டம் அதைவிடப் பெரிய ஆபத்தாகிவிட்டதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பாலையில் எல்லாமே தண்ணீரைச் சுற்றித்தான். ஒரு ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் இடையே நெடுந்தூரம். அந்த ஊற்றடியில் சுரங்கக்காரர்கள் முகாம் போட்டால் ஒட்டகம் கிட்டே வராது. அதற்கு அத்தனை கூச்சம். கள்ளத்தனமாகத் தங்கம் பிரிப்பவர்கள் விடும் பாதரசமும் சயனைடும் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்குகின்றன. இறைச்சிக்காக ஊற்றோரம் வெடி புதைத்தவர்களும் உண்டு. இதற்கு மேல் வறட்சி, ஓநாய், மேய்ச்சலுக்கு வரும் வீட்டு மந்தைகள். வீட்டு ஒட்டகத்தோடு கலந்து கலப்பினம் பெருகினால், சுட யாருமே இல்லாவிட்டாலும் இந்த இனம் கரைந்துபோகும். இரு நாட்டு எல்லையில் ஓடும் வேலி, இருக்கிற சொற்பக் கூட்டத்தையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. இந்த வேலிதான் என்னை மிகவும் வருத்துகிறது. மற்ற கேடுகளைச் செய்பவர்கள் சட்டத்துக்கு ஒளிந்து செய்கிறார்கள். இதைப் போட்டவை அரசுகள். மனம் வைத்தால் அங்கங்கே வழி விட்டுவிடலாம்.

நல்லதும் நடந்திருக்கிறது. மங்கோலியா 1975-லேயே பெரிய கோபியைக் காப்பகமாக்கியது. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஹேர், சீன அறிவியலாளர்களோடு லோப் நூர்ப் பகுதியில் ஒட்டகத்தின் மேலேறி அலைந்தார். 1997-ல் கேத்ரின் ரேயுடன் சேர்ந்து காட்டு ஒட்டகப் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர்கள் விடாமல் கேட்டதன் பலனாக லோப் நூரும் காப்பகமானது. 2022-ல் மறையும்வரை இந்த ஒரே விலங்குக்காகப் பேசிய மனிதர் அவர்.

2004 முதல் மங்கோலியாவின் ஸாகின் உஸ் என்னுமிடத்தில் இவற்றைப் பராமரித்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். வேகம் கூட்ட முடியாத வேலை. தாய் 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு வருடமாவது ஆகும். வளர்ந்தவற்றைக் கோபியிலேயே திரும்ப விட வேண்டும் என்பது நோக்கம். அதற்குள் அந்த ஊற்றுகளை விட்டுச் சுரங்கக்காரர்கள் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்