இருப்புப் பாதைப் பக்கம்: ஒரே தண்டவாளம், இரண்டு கடைகள்

"மும்பையிலிருந்து அகமதாபாத்துக்குச் செல்லத் தேஜஸ் நல்லதா, சதாப்தி நல்லதா, வந்தே பாரத் நல்லதா?" என்று நேயர்கள் சிலர் நம்மை வினவியுள்ளனர். தாராவியில் அண்ணனும் மணிநகரில் தம்பியுமாக வாழும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உள. ஆதலின் இவ்வினா வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. இதனுள் வேறொரு வினாவும் அடங்கியிருக்கிறது. வண்டி ஓட்டுவோர் இருவராகிப் போட்டியிட்டால் பயணிக்கு நன்மை உண்டா என்பதே அது. இரண்டனுக்கும் இம்மாதம் விடை கூற முயல்வோம்.

போட்டி நம் நாட்டு ரெயிலுக்குப் புதியதன்று. வெள்ளையர் ஆட்சியில் பம்பாயிலிருந்து டில்லிக்கு இரண்டு கம்பெனிகள் வண்டி ஓட்டின. இடார்சி, போபால், ஜான்சி, ஆக்ரா வழியாகச் சென்றது ஜி.ஐ.பி. ரெயில்வே. சூரத், பரோடா, ரத்லம், கோட்டா வழியாகச் சென்றது பி.பி.சி.ஐ. ரெயில்வே. முன்னதன் பெருமை, 1912-இல் ஓடத் தொடங்கிய பஞ்சாப் மெயில். பின்னது 1928-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிராண்டியர் மெயிலை விட்டு அதற்கு எதிர்வினை செய்தது. இரண்டும் பெஷாவர் வரை சென்றன. கப்பலில் வந்திறங்கும் ஆங்கில உத்தியோகஸ்தரையும், அவர்தம் அஞ்சல் மூட்டைகளையும் யார் விரைந்து கொண்டு சேர்ப்பது என்பதே அவற்றின் போட்டி.

அப்போட்டியால் நன்மை பெற்றவர் யார்? பஞ்சாப் மெயில் தொடக்கத்தில் மேல் வகுப்பாருக்கே உரிய வண்டியாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டி அதில் இணைக்கப்பட்டது 1930-களின் நடுவில்தான். அஃதாவது, சாதாரண மக்கள் அவ்வண்டியில் கால் வைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

நம் சென்னைப் பாதையின் கதை வேறு. ஜி.ஐ.பி. கம்பெனியும் மதராஸ் ரெயில்வேயும் 1871-இல் ராய்ச்சூரில் தண்டவாளத்தோடு தண்டவாளம் சேர்த்தன. அவை போட்டியிடவில்லை, கை கோத்தன. அக்கைகோப்பினால் உண்டான வழியில்தான் நம் முன்னோர் பலர் மூட்டை முடிச்சுகளுடன் பம்பாய் வந்து சேர்ந்தனர்.

1951-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் மத்திய ரெயில்வே, மேற்கு ரெயில்வே என்னும் மண்டலங்கள் அமைந்தன. கம்பெனிப் பெயர்கள் மறைந்தன, பாதைகள் மறையவில்லை. இன்றும் மும்பையிலிருந்து டில்லிக்கு மேற்கு வழி சுமார் 1,385 கிலோமீட்டர். மத்திய வழி சுமார் 1,540 கிலோமீட்டர். குறுகிய மேற்கு வழிக்கு 1972-இலேயே ராஜதானி வண்டி கிடைத்தது. நாசிக், ஜல்காவ்ன், போபால் மக்களுக்கு அத்தகைய மும்பை - டில்லி வண்டி 2019-இல்தான், நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. போட்டி இருந்தபோது ஏழை காத்திருந்தான். போட்டி மறைந்தபின் நீண்ட வழியில் இருந்த ஊரார் காத்திருந்தனர். இரு முறைக்கும் தத்தம் குறை உண்டு என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி இக்காலத்துக்கு வருவோம். 2019 அக்டோபரில் லக்னோ - புது டில்லி இடையே ஒரு தேஜஸ் வண்டியும், 2020 ஜனவரியில் அகமதாபாத் - மும்பை இடையே மற்றொன்றும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனத்தின் பொறுப்பில் ஓடத் தொடங்கின. இவற்றை "தனியார் வண்டி" என்று பலர் அழைக்கின்றனர். அது முற்றும் பொருந்தாது. 1999-இல் ரெயில்வே அமைச்சகத்தின் கீழ்த் தோன்றிய அந்நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதி 2019-இல் சந்தைக்கு வந்தது. பெரும்பங்கு இன்றும் அரசினிடமே உள்ளது. தண்டவாளம் ரெயில்வேயினது. சிக்னல், ஓட்டுநர், கார்டு யாவும் ரெயில்வேயினவே. கட்டணத்தை நிர்ணயிப்பதும், உணவும் உபசரிப்பும் பார்த்துக்கொள்வதும் நிறுவனத்தின் வேலை. வண்டியை இழுத்துச் செல்வதற்கு அது ரெயில்வேக்குப் பணம் செலுத்துகிறது. அடுப்பும் விறகும் அண்ணனுடையவை, பரிமாறுவது மட்டும் தம்பி என்றால் அதைத் தனிச் சமையல் என்று கூறலாமா?

தேஜஸ் வந்தபோது ஒரு புதுமை செய்தது. வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் 100 ரூபாயும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் 250 ரூபாயும் பயணிக்கு ஈடு தரப்படும் என்றது. பயணியின் காலத்துக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட அச்செயலை நாம் மனமாரப் பாராட்டினோம். ஆயின் 2024 பிப்ரவரியில் அந்த ஈடு நிறுத்தப்பட்டது. பழைய விளம்பரத்தை நம்பி அதை இன்று எதிர்பார்க்க வேண்டா.

இப்பொழுது மூன்று வண்டிகளையும் ஒப்பிடுவோம். மும்பை - அகமதாபாத் தொலைவு சுமார் 491 கிலோமீட்டர். சதாப்தியும் தேஜஸும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கின்றன. 2022 செப்டம்பர் 30 முதல் காந்திநகர் வரை ஓடும் வந்தே பாரத் ஐந்தரை மணி நேர அளவில் அகமதாபாத்தை அடைகிறது. விரைவில் முந்தியது போட்டிக்கு வந்த நிறுவனம் அன்று. ரெயில்வே தானே விட்ட வண்டி.

கட்டணத்தில் கவனம் தேவை. ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் 2016 செப்டம்பர் 9 முதல் ஏறுமுகக் கட்டணம் நடப்பில் உள்ளது. இம்முறை உள்ள வண்டியில் பத்து விழுக்காடு இடம் விற்கும்தோறும் அடிப்படைக் கட்டணம் பத்து விழுக்காடு உயரும். உச்சவரம்பு 2019 முதல் 1.4 மடங்கு. இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் நாற்பது விழுக்காடு இடங்கள் விற்றவுடன் உச்சவரம்பு எட்டிவிடும். எஞ்சிய அறுபது பேரும் நூறு ரூபாய்க்கு நூற்று நாற்பது கொடுப்பர். தேஜஸிலும் தேவைக்கேற்பக் கட்டணம் ஏறி இறங்கும். வந்தே பாரத்தில் இந்த ஏற்றம் இல்லை. ஆதலின் நாள் முன்னரே தெரிந்தோர் முன்பதிவு திறக்கும் 60-ஆம் நாளிலேயே சீட்டு வாங்குக. கடைசி நேரத்தில் புறப்படுவோர் மூன்றின் விலையையும் அன்றைக்கே பார்த்து முடிவு செய்க.

இதுகாறும் கூறியது கைப்பணம் உள்ளோர்க்கு. இனிக் கூறப்போவதே நம் நெஞ்சில் தங்கியுள்ள செய்தி. தேஜஸில் எவ்வகைக் கட்டணச் சலுகையும் இல்லை. தட்கால் ஒதுக்கீடும் இல்லை. மூத்த குடிமக்களுக்கான சலுகையோ 2020 மார்ச் முதல் எல்லா வண்டிகளிலும் நின்றுபோயிற்று. எனினும் நோயாளிகளுக்கான சில சலுகைகள் சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இன்றும் உள்ளன. புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்பவர் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் கட்டணமின்றிச் செல்லலாம். துணைக்குச் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு குறைப்பு உண்டு. மருத்துவமனை தரும் உரிய படிவத்துடன் முன்பதிவுச் சன்னலுக்கு வந்தால் போதும்.

மணிநகரிலிருந்து பரேல் டாட்டா மருத்துவமனைக்கு மாதந்தோறும் வந்து செல்லும் ஒரு தாயாருக்குத் தேஜஸும் வந்தே பாரத்தும் அல்ல நல்ல வண்டி. இரவில் படுத்து உறங்கிச் செல்லும் குஜராத் மெயில் போன்ற வண்டியே நல்ல வண்டி. பளபளக்கும் மூன்று பெயர்களை மட்டும் ஒப்பிடும்போது இந்த நான்காவது வண்டி நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இச்சலுகை இருப்பதையே அறியாமல் முழுக் கட்டணம் செலுத்துவோரைச் சன்னலின் உட்புறத்திலிருந்து நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அண்டை வீட்டில் அத்தகையோர் இருப்பின் இப்பக்கத்தை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அது நம் சங்கத்துக்குச் செய்யும் பேருதவி.

தனியாரை அழைக்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. 2020 ஜூலையில் 109 வழித்தடங்களில் 151 வண்டிகளை ஓட்ட அரசு அழைப்பு விடுத்தது. எதிர்பார்த்த அளவில் எவரும் முன்வரவில்லை, திட்டம் நின்றது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பாரத் கௌரவ் சுற்றுலாத் திட்டத்தின் கீழ், தனியார் பொறுப்பில் முதல் வண்டி 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குப் புறப்பட்டது. தலவழிபாட்டுக்கு ஆள் வரும், பணமும் வரும். ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு நெல்லைச் சீமைக்குச் செல்லும் கூலித் தொழிலாளி ஏறும் முன்பதிவில்லாப் பெட்டிக்குப் போட்டியிட 1912-இலும் எவரும் வரவில்லை; இன்றும் எவரும் வரவில்லை. இலாபம் இல்லாத இடத்தில் போட்டி இராது. அங்கே வண்டி விடவேண்டிய கடமை அரசினுடையதே. போட்டி வரட்டும், மேல் வகுப்பார் நன்மை பெறட்டும். அந்த ஆரவாரத்தில் பொதுப் பெட்டியின் எண்ணிக்கை குறையாதிருக்கிறதா என்று கேட்க நாம் மறவாதிருப்போமாக.

அடுத்த இதழில், சீட்டை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பணத்தின் கணக்கை விளக்குவோம்.