ஊருணிக்குப் பூட்டு எதற்கு?

ஊர் கூடி வெட்டிய ஊருணிக்கு ஒருவர் பூட்டுப் போட்டு, குடத்துக்கு இவ்வளவு எனக் காசு கேட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? அறிவுலகில் அந்நிலை நெடுங்காலமாக நிலவி வருகிறது.

நெற்பயிரைத் தாக்கும் நோயைப் பற்றி அரசு நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சி நடைபெறுவதாகக் கொள்வோம். ஆய்வகம், கருவிகள், ஆய்வாளரின் ஊதியம் ஆகிய அனைத்துக்கும் மக்களின் வரிப்பணமே செலவாகிறது. ஆய்வின் முடிவு கட்டுரையாகி ஆய்விதழுக்குச் செல்கிறது. எழுதியவருக்கு இதழ் பணம் தருவதில்லை. கட்டுரையின் தரத்தைச் சீர்தூக்கும் வல்லுநர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கின்றனர். ஆயினும், பல இதழ்களில் சந்தா செலுத்தியவர்க்கே படிக்கும் உரிமை கிடைக்கிறது. ஆய்வுக்குப் பணம் தந்த மக்கள், அதன் பயனை அறிய மீண்டும் பணம் தர வேண்டியுள்ளது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இக்குறையை நீக்க முற்பட்டன. தம் நிதியில் விளைந்த கட்டுரைகளை, வெளியான 12 மாதங்களுக்குள் எவரும் படிக்குமாறு இணையக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என 2008இல் விதித்தன; 2025 ஜூலை முதல் அக்காத்திருப்பையும் நீக்கின. இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இல் இத்தகைய கொள்கையை வெளியிட்டன.

2024 நவம்பரில் நடுவண் அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவரும் இவற்றைப் படிக்கலாம் என்பது வரவேற்கத்தக்கதே. எனினும், திறவுகோல் பலருக்குக் கிடைத்ததேயன்றிப் பூட்டு அகலவில்லை. ஆங்கிலக் கட்டுரையை உழவர் படிப்பாரா எனச் சிலர் வினவலாம். அதைப் படித்துத் தமிழில் எடுத்துரைக்கக்கூடிய பள்ளி ஆசிரியரும் இதழாளரும் அந்நிறுவனங்களுக்கு வெளியேதான் இருக்கின்றனர்.

இதழ் நடத்தச் செலவு உண்டு என்பது உண்மை. அதனை ஈடுசெய்யச் சில இதழ்கள் எழுதுவோரிடம் இலட்சக்கணக்கில் கட்டணம் பெறுகின்றன. இது படிப்பவர் முன் இருந்த பூட்டை எழுதுபவர் முன் மாட்டுவதாகும். களஞ்சியமே எளிய வழி. இயற்பியலாளர்கள் 1991 முதல் 'ஆர்க்கைவ்' என்னும் இணையக் களஞ்சியத்தில் தம் கட்டுரைகளைக் கட்டணமின்றிப் பகிர்கின்றனர். அதனால் இயற்பியல் இதழ்கள் அழிந்துவிடவில்லை.

ஆகவே, முந்தைய ஆய்வின் கட்டுரையைக் களஞ்சியத்தில் வைத்தவர்க்கே அடுத்த ஆய்வுக்கு அரசு நிதி வழங்க வேண்டும். கொள்கை ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வர இதுவே வழி.

மாணவர்களே! நாளை உங்களுள் பலர் ஆய்வாளர் ஆகலாம். அன்று உங்கள் கட்டுரையின் முதல் வாசகர், வரி செலுத்திய ஏதோ ஓர் ஊரின் பள்ளி மாணவராக இருக்கட்டும்.